அம்மா விரதம் பிடித்த மாரி

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் தேவாலய மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் உணவுப் பொதி கொடுக்கிறார்கள். பாஸ்தா, பால், ரின்னில் அடைத்த தக்காளி, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு துண்டு சீஸ். நானும் போய்ப் பொதி கட்டிக் கொடுப்பேன். வரிசையில் நம் ஆட்களும் நிற்கிறார்கள், பலெர்மோக்காரரும் நிற்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பகுதியாருக்கும் வித்தியாசமே கிடையாது. யாரும் தனக்கென்று வாங்க வருவதில்லை. பக்கத்து வீட்டுக் கிழவிக்கு நடக்க ஏலாதாம், மச்சாளுக்குக் காய்ச்சலாம், அதனால் இவர் வந்திருக்கிறாராம். நானும் தலையாட்டிவிட்டு, மச்சாள் கெதியில் சுகமாகட்டும் என்று சொல்லிப் பொதியைக் கொடுத்துவிடுவேன்.

நீங்களும் நானும் ஒரே காலத்தில் இந்தப் பலெர்மோவில் வளர்ந்தவர்கள். இப்போது கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற வயதுக்கு வந்துவிட்டோம். கூடிக் கதைத்தால் பல்லரோ சந்தையின் கூச்சல், மொண்டெல்லோக் கடல், கணக்கு ரீச்சரின் மீசை என்றுதான் பேச்சுப் போகும். பட்டினி கிடந்தோம் என்று நம்மில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிறந்த நாட்டில் சண்டைக்குள் இருந்த சொந்தக்காரருக்கு, இங்கே சாப்பாட்டுக்கு என்ன குறை என்று தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அது நமக்கே உண்மையாகிவிட்டது. எனக்கு மட்டும் அப்படி ஆகவில்லை. அதற்கு ஒரு மாரிகாலம் காரணம். அப்போது நான் மூன்றாம் வகுப்பு, தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போகாதவன்.

அப்பா மொண்டெல்லோவில் கடற்கரை உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினார். கோடை முழுக்க அவரோடு மீன் வாசம் வீட்டுக்கு வரும். மிஞ்சிய பொரியலும் பாணும் ஒரு பையில் கூட வரும். கடல் குளிர்ந்ததும் உணவகத்தைப் பூட்டிவிட்டார்கள். மற்ற வருடங்களில் நகரத்துக்குள் ஏதாவது ஓர் உணவகக் குசினியில் பாத்திரம் கழுவ இடம் கிடைத்துவிடும். அந்த வருடம் அவருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்தக் கடதாசி கையில் இல்லாத ஆளை வேலைக்கு எடுக்க எல்லாரும் பயந்தார்கள். சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு வயதான இத்தாலிய அம்மாளின் வீட்டில் அம்மா அரைநாள் வேலை பார்த்தார். அந்த அரைநாள் சம்பளத்தில் வாடகை போக மிஞ்சியதை வைத்துத்தான் நாங்கள் நாலு பேரும் சீவித்தோம்.

நாங்கள் இருந்தது பழைய நகரத்தில், எப்போதோ பிரபுக்கள் வாழ்ந்து, பிறகு யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு மாளிகையின் மேல்தட்டு. பொழுது சாய்கிற நேரம் படிக்கட்டு முழுக்க வாசம் ஏறி வரும். கீழ்த்தட்டில் வெங்காயம் வதங்கும். அடுத்ததில் தக்காளியும், துளசிக்குத் தூரத்துச் சொந்தமான ஏதோ ஓர் இலையும் கொதிக்கும். எங்களுக்கு நேர் கீழே கத்தரிக்காய் பொரியும். தம்பியும் நானும் படியில் குந்தியிருந்து, இன்றைக்கு எந்த வீட்டில் சாப்பிடலாம் என்று முடிவெடுப்போம். அவன் எப்போதும் கத்தரிக்காய் வீட்டைத்தான் கேட்பான். கண்ணை மூடிக்கொண்டு, வெறும் வாயை மென்று, ஆறுதலாகச் சாப்பிடுவான். ஒருநாள் ஏப்பமும் விட்டான். நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. நாங்கள் ஓடி ஒளித்துவிட்டோம்.

பசி எப்போதும் வயிற்றைக் கிள்ளும் என்று நினைப்பவர்கள் பசித்திராதவர்கள். சில நாட்களில் அது மிக இதமாக இருக்கும். தலை லேசாகிவிடும். யன்னலால் விழும் வெயிலில் தூசு மிதப்பதை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கோயில் மணி எங்கேயோ தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோலக் கேட்கும். வகுப்பில் ரீச்சர் என்னைக் கனவு காண்கிற பிள்ளை என்று அம்மாவிடம் சொன்னார். புகழ்ந்துதான் சொன்னார். அம்மா அதைக் கேட்டு என் தலையைத் தடவினார்.

அம்மாவின் விரதங்கள் புரட்டாதிச் சனியோடு தொடங்கின. பிறகு நவராத்திரி. பிறகு புருஷனுக்காகப் பெண்கள் பிடிக்கும் கேதாரகௌரி விரதம். தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி. அதற்குப் பின் பிள்ளையார் பெருங்கதை. நம் பஞ்சாங்கம் எவ்வளவு பெரிய மனது படைத்தது என்று அந்த வருடம்தான் தெரிந்தது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அம்மா வெள்ளி, செவ்வாய், சதுர்த்தி என்று எதையாவது செருகிவிடுவார். சோறும் பூக்கோவா இலை வறையும் வைப்பார். சந்தை முடியும் நேரத்தில் வியாபாரிகள் கழித்துப் போடும் இலை அது. அப்பாவுக்கும் எங்களுக்கும் போட்டுத் தந்துவிட்டு, தான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு சுவரில் சாய்ந்துகொள்வார். தேத்தண்ணீருக்கு எந்த விரதத்திலும் தடை இருக்கவில்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் தன்னுடைய பெர்மெஸ்ஸோவுக்காகத்தான் என்று நினைப்பு. மனைவி இப்படி உருகி விரதமிருக்கும்போது, அவள் போட்டுத்தருகிற சோற்றை மிச்சம் விடுவது பாவம் என்று தட்டை வழித்துச் சாப்பிடுவார். சாப்பிடும்போது அவருக்குக் கண் கலங்கும். நல்ல மனிதர். இப்போது நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

சிஞ்ஞோரா வேறு விதம். அவர் முதலில் அம்மாவுக்கும் ஒரு தட்டுப் பாஸ்தா வைக்கத்தான் பார்த்தார். அம்மா இத்தாலிய மொழியில் நன்றாகத் தெரிந்துவைத்திருந்த சில சொற்களில் விரதம் என்பதும் ஒன்று. அதைச் சொன்னார். அடுத்த நாளும் சொன்னார். சிஞ்ஞோராவுக்கு மரியாதை பொங்கிவிட்டது. சிநேகிதிகள் வந்தால், என் வீட்டில் வேலை செய்பவள் ஒரு புனிதை என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவாராம். விரதக்காரிக்கு முன்னால் சாப்பிடுவது அழகல்ல என்று, மத்தியானத்தில் சாப்பாட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே சாப்பிடத் தொடங்கினார். பள்ளி விட்டு நான் அங்கே போய்க் காத்திருப்பேன். எனக்கு ஒரு பிஸ்கோத்துக் கிடைக்கும். அதில் பாதியைத் தம்பிக்காகச் சட்டைப்பைக்குள் வைப்பேன். சாத்திய கதவுக்குப் பின்னால் முள்ளுக்கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்கும்.

கோயில் மாமி என்று ஒருவர் இருந்தார். வாடகை மண்டபத்தில் நாம் நடத்திய கோயிலின் சமையலும் அதிகாரமும் அவர் கையில். அம்மாவின் விரதக் கதை அவர் காதுக்குப் போனதும், அன்னதானத்துக்கு அகப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். விரதக்காரியின் கை சுத்தமான கை என்பது அவர் வாதம். அதனால் ஊரெல்லாம் பந்தியில் இருந்து சாப்பிட, அம்மா வரிசை வரிசையாகக் குனிந்து சாம்பாரும் பாயாசமும் ஊற்றிக்கொண்டே போவார். தம்பியும் நானும் அன்று வயிறு வெடிக்கச் சாப்பிடுவோம். அம்மாவுக்கு மாமி ஒரு பூவும் விபூதியும் கொடுத்து அனுப்புவார்.

நவம்பர் பிறந்ததும் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பழங்கள் வந்து குவிந்தன. பாதாம் மாவில் செய்து நிறம் தீட்டிய பீச், தோடை, பிளந்த அத்தி. இந்த ஊரில் செத்தவர்களின் நாளன்று, செத்துப்போன சொந்தக்காரர் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள். என் வகுப்பில் எல்லாருக்கும் சீனிப் பொம்மை வந்திருந்தது, குதிரைவீரனும் நடனக்காரியும் நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் பஞ்சமில்லையே, அவர்கள் ஏன் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். எங்கள் ஆட்களுக்கு இன்னும் பெர்மெஸ்ஸோ கிடைக்கவில்லை என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். குவெஸ்தூரா வாசலில் என் செத்துப்போன மாமா வெள்ளை வேட்டியோடு வரிசையில் நிற்பதாகப் பல நாள் கனவு கண்டேன்.

கந்தசஷ்டிக்குள் வந்த ஞாயிறு, நம் சனம் வழக்கம்போலப் பெல்லெக்ரினோ மலைக்கு நடந்தது. உச்சிக்குக் கிட்ட, குகைக்குள் சிலையாகப் படுத்திருக்கும் இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவை அம்மன் என்று நம்பி வெறுங்காலோடு ஏறியவர்கள்தானே நாம். அன்று மலையில் பனிப்புகார் மூடியிருந்தது. கீழே நகரமும் இல்லை, கடலும் இல்லை. பைன் மரங்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தன. குகைக்குள் மெழுகுதிரி மணமும் ஈரமும். கூரையில் ஊறும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்தி இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை வரவரக் கனத்தது. பிறகு அம்மாவின் தலை ஒரு பக்கம் ஆடி, கண் செருகி, முழங்கால் மடிந்து கீழே இருந்துவிட்டார்.

"உரு வந்திட்டுது" என்றார் கோயில் மாமி.

அம்மாவில் சாமி இறங்கிவிட்டதாம், அவ்வளவுதான். பெண்கள் சுற்றி வளைத்தார்கள். யாரோ அம்மாவின் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். மாமி நெற்றி நிறைய விபூதி பூசி, தன் மகளுக்கு எப்போது கலியாணம் ஒப்பேறும் என்று கேட்டார். அம்மாவின் உதடு அசைந்தது. எல்லாரும் குனிந்தார்கள். "தண்ணி" என்றார் அம்மா. கல்லைத் தாண்டி ஓடிப்போய்ப் பீலித் தண்ணீரை ஏந்தி வந்தார்கள், குடிக்கக் கொடுக்கவில்லை. பக்தியோடு முகத்தில் தெளித்தார்கள். என் அப்பா, தன் மனைவிக்கு முன்னால் முழங்காலில் இருந்து கைகூப்பி, பெர்மெஸ்ஸோ வருமா என்று கேட்டார். அம்மா அவரைப் பார்த்தார். "வரும்" என்றார். அது பங்குனியில் வந்தது. மலையில் சொன்னபடியால்தான் வந்தது என்று அப்பா சாகும்வரை நம்பினார்.

அதற்குப் பிறகு அம்மாவைக் கும்பிட ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. சாமிக்கு என்ன கொண்டுபோவது? எலுமிச்சம்பழமும் கற்பூரமும்தானே. இந்த ஊரிலோ எந்த மதிலுக்குப் பின்னாலும் எலுமிச்சை காய்த்துத் தொங்குகிறது. பகேரியாவில் தோட்ட வேலை செய்தவர் ஒரு சாக்கே கொண்டுவந்தார். மேசையில், யன்னலடியில், கட்டிலுக்குக் கீழே எலுமிச்சம்பழம். இருட்டு வீட்டுக்குள் அந்த மஞ்சளும் மணமும் எவ்வளவு அழகு. தம்பி அவற்றை உருட்டி விளையாடினான். பசிக்கிற வயிற்றில் எலுமிச்சம்பழத்தை வைத்து என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா சொல்லியிருக்க மாட்டார்.

பெருங்கதை விரதம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் எனக்கு உண்மை தெரிந்தது. அன்று ஒரு முட்டை இருந்தது. அம்மா அதைக் கலங்காமல் பொரித்து எனக்கும் தம்பிக்குமாகப் பிரித்துத் தந்தார். தம்பியின் தட்டில் மஞ்சட்கரு கொஞ்சம் ஒட்டியிருந்தது. தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனபோது, அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அந்தத் தட்டை விரலால் வழித்து வாயில் வைப்பதைக் கண்டேன். விரதகாலத்தில் முட்டை தொட்ட சட்டியையே தனியே கழுவுகிற வீடு எங்களுடையது. விரதத்தில் முட்டை சாப்பிடலாமா என்று கேட்டேன். அம்மா திடுக்கிடவும் இல்லை, ஏசவும் இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் உயரத்துக்குக் குந்தியிருந்தார்.

"பிள்ளை, பசி எண்டு ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. பசிச்சவளின்ர கையிலை ஆர் வீட்டுத் திறப்பைக் குடுப்பினம்?"

சிஞ்ஞோராவின் வாசல் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு அம்மாவிடம் இருந்தது. அலுமாரித் திறப்பும் அதே வளையத்தில். வேலைக்காரிக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று தெரிந்தால் முதலில் சீஸ் துண்டை அளப்பார்கள், பிறகு கரண்டியை எண்ணுவார்கள், பிறகு திறப்பைக் கேட்பார்கள் என்றார். தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நடந்ததாம். திறப்புப் போனால் வேலை போகும், வேலை போனால் இந்த அறையும் போகும். அப்பாவிடம் சொன்னால் அவர் சாப்பிட மாட்டார், சாப்பிடாமல் குவெஸ்தூராவில் போய் விழுந்து கிடப்பார். அதனால் இது தெரிந்தது நீயும் நானும்தான், என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அன்றிலிருந்து படிக்கட்டில் இருந்து வாசம் சாப்பிட என்னால் முடியவில்லை. தம்பி தனியே போய் இருந்தான்.

அதற்குப் பிறகு நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை ஊசி குத்துகிற இடம் உள்ளே உள்ளே போவதைப் பார்த்தேன். கதிரையிலிருந்து எழும்பும்போது மேசையைப் பிடிப்பதைப் பார்த்தேன். மலையில் என் தோளைப் பிடித்தபடி சரிந்தார். சிஞ்ஞோரா வீட்டில் எல்லாம் உயரமும் சலவைக்கல்லும். அம்மா விழுந்துவிடுவார் என்ற பயம் பள்ளிக்கூடத்திலும் என்னோடு வந்து பக்கத்தில் இருந்தது.

டிசம்பரில் சாந்தா லூசியாவின் நாள். அன்று பலெர்மோவில் மாவில் செய்த பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. பள்ளி விட்டுப் போனபோது அம்மா நத்தார்ப் பண்டிகைக்காகத் திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். உயர ஏணி, அதன் உச்சிப் படியில் அம்மா, கையில் கனமான பச்சை வெல்வெட். கொளுக்கிகளில் பாதி கழன்றிருந்தன. அம்மா அசையவில்லை. திரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, அதில் நெற்றியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த நேரம் சிஞ்ஞோரா குசினியிலிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். அவித்த முழுக்கோதுமை, மேலே இனிப்புச் சேர்த்த ரிக்கோத்தாப் பாற்கட்டி, அதன்மேல் தோடம்பழத்தோல் துண்டுகள். குச்சீயா என்று பெயர் சொன்னார். ஒரு காலத்தில் இந்த நகரத்தில் கொடிய பஞ்சமாம். துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்ததாம். அரைக்கப் பொறுமையில்லாமல் சனம் அப்படியே அவித்துத் தின்றதாம். அதை நினைத்து இன்றைக்கு நாங்களும் விரதம், என்றார். பிறகு ஏணியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு, உன் அம்மாவின் விரதத்துக்கு முன்னால் எங்களுடையது வெறும் விளையாட்டு என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தப் பார்த்தார்.

நான் கதவுக்குள் காலை வைத்தேன்.

"அம்மா விரதமில்லை. அம்மாவுக்குப் பசி."

பள்ளிக்கூடத்து இத்தாலிய மொழியில்தான் சொன்னேன். ஆனால் பசி என்ற சொல்லை அம்மா எந்த மொழியிலும் அறிவார். ஏணி கிறீச்சிட்டது. ஒவ்வொரு படியாக, திரையை விடாமல், அம்மா இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஏப்ரன் பைக்குள் கைவிட்டுத் திறப்பு வளையத்தை எடுத்து, கதவோரத்துச் சின்ன மேசையில் சத்தமில்லாமல் வைத்தார்.

"நாங்கள் ஒண்டும் எடுக்கேல்லை எண்டு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். சிஞ்ஞோரா திறப்பைப் பார்த்தார். அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு தான் பிடித்துக்கொண்டிருந்த கதவின் கைப்பிடியைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"நான் கதவைச் சாத்திச் சாத்தியல்லவா சாப்பிட்டேன்" என்றார். அதை அம்மாவுக்குச் சொல் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வளையத்தை எடுத்து, தன் கையாலேயே அம்மாவின் ஏப்ரன் பைக்குள் திரும்பப் போட்டார். சாப்பாட்டறைக்குள் கூட்டிப்போய், பெரிய மேசையின் தலைமாட்டுக் கதிரையை இழுத்து, அம்மாவின் தோளைப் பிடித்து இருத்தி, கிண்ணத்தை முன்னால் தள்ளினார். அம்மா எழும்பப் பார்த்தார். இன்றைக்குப் பெருங்கதை, நான் விரதம், என்று பழக்கத்தில் வாய் சொன்னது. சிஞ்ஞோரா என்னிடம் கேட்டுப் புரிந்துகொண்டு, இது விரதச் சாப்பாடு, இதைச் சாப்பிட்டால் எந்தச் சாமியின் விரதமும் முறியாது என்று சொல்லச் சொன்னார்.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தார்.

"பாலும் கோதுமையும்தானே?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் அம்மா."

முதல் கரண்டியை வாயில் வைத்தார். முழுக்கோதுமையை விழுங்க முடியாது, மெல்லத்தான் வேண்டும். அம்மா மெல்லத் தொடங்கினார். மெல்லும்போது அவருடைய காதுக்குக் கீழே ஒரு சின்ன எலும்பு எழும்பி எழும்பி மறைந்தது. அப்படி ஒன்று அம்மாவின் முகத்தில் இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கிண்ணம் முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.